தலைநகரத்தாருக்கு ஒரு பெயர்

முன்னொரு காலத்தில், ஆடி மாதத்து ஒரு காலையில், ஓர் அரசருக்குத் தன் தலைநகரத்து மக்களுக்குத் தனிப்பெயர் இல்லையே என்ற குறை வந்தது.

காரணம் தியேகோ, ஸ்பெயினிலிருந்து வந்த மாலுமி. "செவில்யா ஊர்க்காரன் செவில்யானோ. மாட்ரிட் ஊர்க்காரன் மத்ரிலேன்யோ. அவனைப் பூனை என்றும் சொல்வார்கள், அரசே. முன்பு ஒருவன் பூனைபோலக் கோட்டைச் சுவரில் ஏறினானாம்."

"அவர்களுக்குப் பூனை கிடைத்துவிட்டது. நமக்கு?" என்றார் அரசர்.

அவையில் பெயராகச் சிங்கம் வந்தது, யானை வந்தது. எதையும் யாராவது ஒருவர் மறுத்தார். மந்திரி வில்லவராயர் எழுந்தார்.

"நம் அவை விகடகவி சாத்தப்பனிடம் விடுங்கள், அரசே. நாளைக்குள் ஒரு பெயர். ஊரில் ஒருவர் மறுத்தாலும் அவன் நாட்டைவிட்டுப் போகட்டும்."

மறுக்கப்போவது யார் என்பது அவர் மீசையிலேயே தெரிந்தது. அரசர் தலையசைத்தார்.

தன் ஊரில் யாரும் யாரையும் ஊர்ப்பெயர் சொல்லி அழைப்பதில்லை. அடுத்த ஊரில்தான் அது வேண்டியிருக்கிறது. சாத்தப்பன் வாய்க்கால் ஓரமாகவே நடந்து கீழ்ப்பாடிக்குப் போனான். வயலில் நின்ற செல்லி என்பவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எந்த ஊருய்யா?"

"தலைநகரம்."

"ஓ, மடையடைச்சானா?"

"யாரு?"

"உங்க ஊரு ஆளுங்கதான். இங்க அப்படித்தான் சொல்லுவோம். ஆத்துல புதுத்தண்ணி வந்தாச்சு. மந்திரி தன் தென்னந்தோப்புக்குத் திருப்பிக்கிட்டு எங்க மடைய அடைச்சுட்டாரு. நாத்து காயுது. நீ சிரிச்சியோ, அறுவாதான்."

சாத்தப்பன் சிரிக்கவில்லை.

மறுநாள் அவையில் சொன்னான்: "நம் பெயர் மடையடைச்சான், அரசே. கீழ்ப்பாடியார் வைத்தது. அவர்கள் மடையை மந்திரியார் அடைத்திருக்கிறார்."

"மறுக்கிறேன்!" வில்லவராயர் துள்ளி எழுந்தார்.

"தாராளமாக. மடை திறந்திருந்தால் பெயர் பொய்; நான் இப்போதே நாட்டைவிட்டுப் போகிறேன். வாருங்கள், அவையோடு போய்ப் பார்த்துவிடுவோம்."

வில்லவராயர் மெல்ல உட்கார்ந்தார்.

"மறுப்பவர் ஒருவரும் இல்லை, அரசே" என்றான் சாத்தப்பன்.

அரசர் சிரித்த சிரிப்பில் மகுடம் சாய்ந்தது. தன் பட்டுச் சால்வையைச் சாத்தப்பனுக்குப் போர்த்தினார். மடையைத் திறக்க ஆள் அனுப்பினார். பிறகு திரும்பினார்.

"வில்லவராயரே, நானும் இந்த ஊர்க்காரன்தானே. கீழ்ப்பாடியில் எனக்கு என்ன பெயர்?"