டாக்டர் பார்க்காத கண்

அந்தக் கண் மருத்துவமனைக்குப் புதுக் கருவி வந்ததும் எல்லோருக்கும் பயிற்சி வகுப்பு வைத்தார்கள். தலைமை மருத்துவர் திருமேனிநாதன் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"முப்பது வருஷமா லட்சம் கண் பார்த்தாச்சு. நான் பார்க்காத கண் ஒண்ணு காட்டுங்க, வந்து உட்கார்றேன்."

கருவியை இயக்கக் கற்று வந்திருந்த நர்ஸ் லூர்துமேரி எழுந்தாள்.

"உங்க கண்ணு இருக்கே, சார்."

சொன்ன வாக்கை மீற முடியாமல் அவர் கருவியில் முகவாயை வைத்தார். திரையில் அவர் விழித்திரை செந்நிலவாக எழுந்தது. அதில் ரத்தக்குழாய்கள் ஆறுகளாகக் கிளை பிரிந்தன. லூர்துமேரி திரையில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினாள். பார்வை நரம்போரம் கண் அழுத்த நோய் மெல்ல அரிக்கத் தொடங்கியிருந்தது.

"பழைய கருவியில இது தெரிஞ்சிருக்காது. ஆரம்பம்தான் சார், பார்வையைக் காப்பாத்திடலாம்."

அவர் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"எப்படிக் கண்டுபிடிச்சே? முதல்லேர்ந்து சொல்லும்மா."