சங்கிலி மாஸ்டர் தண்ணீர் ஊற்றிய நாள்

"உனக்குச் சுடுதண்ணி வைக்கத் தெரியுமா?" என்று கேட்டார் சங்கிலி மாஸ்டர்.

"தெரியாது" என்றாள் ஜொகரா. "வச்சா அடிப்பிடிச்சிரும்."

"பிறகு எப்படிம்மா உன் மெஸ்ல உக்கார இடமில்ல? நான் இருபத்திரண்டு வருஷமா புரோட்டா போடுதேன். என் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்."

ஜொகராவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மாஸ்டருக்கு அவளைவிடப் பதினைந்து கூட. காலைப் பலகாரம் மட்டும் போடுகிற மெஸ் அவளுடையது. பதினொரு மணிக்கெல்லாம் சட்டி காலி. ஒன்பது வருஷமாக அதே இரண்டு சமையல்காரிகள். அவள் அடுப்புப் பக்கம் வந்தாலே, "நீ வெளிய போம்மா, புண்ணியமாப் போகும்" என்று கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள்.

மாஸ்டர் கதை வேறு. எந்த ஹோட்டல் புரோட்டாக் கல்லில் அவர் நின்றாலும் அங்கே கூட்டம் நின்றது. அவர் வீசினால் மாவு சல்லாத்துணி மாதிரி விரியும். எத்தனை நாள்தான் ஒருத்தனுக்குக் கீழே நிற்பது என்று, நாலு மாதம் முன்னால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சொந்தமாகக் கடை போட்டார். போட்ட மறுமாதமே வலது தோள் போய்விட்டது. இனிமேல் மாவு அடித்தால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆள் போட்டார். ஓடிப்போனான். இன்னொருத்தன். அவனும் ஓடினான். மூன்று பேர் போயாச்சு.

"இப்போ இருக்கது ஆசீர்வாதம்னு ஒருத்தன். நாப்பது வயசு, குடும்பஸ்தன். அவனும் இன்னைக்குச் சாயங்காலத்தோட கிளம்புதேன்னுட்டான். அவன் போனா கடைக்குப் பூட்டுதான் ஜொகரா. மாஸ்டரா நின்ன ஹோட்டல்லயே போய் நான் இலை எடுக்கணும்."

 

"அவரை என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல. சுட்டதைக் காட்டினான். தூக்கி வெளிய எறிஞ்சேன்."

"எத்தனை தடவை?"

"காட்டுன தடவை எல்லாம்."

"சாப்பிட வந்தவங்க?"

"காத்திருந்து பாப்பாங்க. எந்திரிச்சுப் போயிருவாங்க. அதுக்காகக் கண்டதையும் போட முடியுமா?"

ஜொகரா சிரிக்கவில்லை. "மத்தியானம் வாரேண்ணே" என்றாள்.

சொன்னபடி வந்தாள். கடையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லாப் புரோட்டாக் கடையும் போலத்தான். கல் தெருவைப் பார்த்து இருந்தது. மேசைகள் உள்ளே, கல்லில் நிற்பவனின் முதுகுக்குப் பின்னால். நாலைந்து பேர் வெறும் இலைமுன் உட்கார்ந்திருந்தார்கள். ஆசீர்வாதம் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தான். அவன் தோளுக்கு மேல் மாஸ்டரின் முகம்.

"என்னவே இது, புரோட்டாவா அப்பளமா?"

ஆசீர்வாதம் திரும்பிப் பார்த்தான். வீசின மாவு கிழிந்தது.

ஜொகரா இரண்டு ஜக்கில் தண்ணீர் பிடித்தாள். மாஸ்டரின் இடது கையில் ஒன்று கொடுத்தாள். வலது கையில், தூக்க வேண்டாம் தொங்கவிட்டால் போதும் என்று, பாதி நிரம்பிய இன்னொன்று.

"நான் சொல்லுத வரைக்கும் கீழ வைக்கக் கூடாது."

"எதுக்கும்மா?"

"தண்ணி ஊத்த."

"நான் மாஸ்டர்மா! மாஸ்டர் தண்ணி ஊத்துனா ஊரே சிரிக்கும்லா."

"சிரிக்கவாவது ஊர் கடைக்குள்ள வரட்டும்."

வேறு வழியில்லை. போனார்.

முதல் மேசையில் ஒரு வாத்தியார். புரோட்டா இலையில் விழுந்ததும் நாலு கரண்டி சால்னாவை அதன் தலையில் ஊற்றிப் பிசைந்தார். மாஸ்டருக்கு உயிரே போய்விட்டது.

"சார்! அடுக்கைப் பாக்கவே இல்லையே நீங்க!"

வாத்தியார் நிமிர்ந்தார். "பசிக்குவே. தண்ணி ஊத்தும்."

அடுத்த மேசையிலும் அதே கதி. இருபத்திரண்டு வருஷத்தில் தன் புரோட்டாவை ஒரு மனுஷன் சாப்பிட்டு, அதைத் தான் நின்று பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் மாஸ்டருக்கு உறைத்தது. அத்தனை வருஷமும் தெருவைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஆத்திரமாக வந்தது. ஜொகராவிடம் போனார்.

"ஒருத்தனுக்கும் அருமை தெரியல. இவனுகளுக்கா நான் தோளை ஒடிச்சேன்?"

 ஜொகரா காலியான ஜக்கை வாங்கி, நிரப்பி, திரும்பக் கையில் கொடுத்தாள்.

மறுபடி போனார். ஒரு பெண் புரோட்டாவின் முறுகலான ஓரத்தைத் தன் பக்கம் ஒதுக்கிவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியை மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் அங்கே கொஞ்சம் கூடுதலாகவே நின்றார்.

கல் பக்கம் சத்தம் மாறியிருந்தது. மாவு ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. மாஸ்டர் காதுக்கு அது தெரியாமல் போகுமா? ஓடிப்போய்ப் பார்க்கக் காலெல்லாம் துடித்தது. கையில் ஜக்கு.

மூலை மேசையில் ஒரு லோடுமேன். வலது கையில் பெரிய கட்டு. இடது கையால் புரோட்டாவைப் பிய்க்கப் பார்த்தார். அது இலையோடு சேர்ந்து நகர்ந்தது. யாராவது பார்க்கிறார்களோ என்று சுற்றிப் பார்த்தார். மறுபடி பிய்த்துப் பார்த்தார். பிறகு பசியே இல்லாதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு எழுந்திருக்கப் போனார்.

மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டார். அடப்பாவமே, இந்த மனுஷன் வயிறு காய்ந்தல்லவா போகப்போகிறார்!

"உக்காருங்கண்ணே" என்றார்.

ஜொகராவைப் பார்த்தார். அவள் தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் கல் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "ஆசீர்வாதம்! மெத்துனு ரெண்டு போட்டு, துண்டு துண்டாப் பிச்சு, சால்னாவுல ஊற வச்சுக் கொண்டா. ஒரு ஸ்பூனும் எடுத்துட்டு வா."

கல் பக்கம் சத்தம் நின்றது. ஆசீர்வாதம் எட்டிப் பார்த்தான்.

"பிச்சா அடுக்கெல்லாம் போயிருமே மாஸ்டர்?"

"போவட்டும். மனுஷன் பசியில இருக்காரு."

"வெந்தது பதமா இருக்கான்னு வந்து ஒரு தடவை பாத்திருங்க."

மாஸ்டர் லோடுமேனின் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"நீ பாத்தா போதும்."

 கல் பக்கமிருந்து குரல் வந்தது.

"சரி மொதலாளி."

யாரைக் கூப்பிடுகிறான் என்று சங்கிலி மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

பின்னால் சுவர்தான் இருந்தது.