கரடி ராஜாவும் கிண்கிணியின் பாராட்டும்

நிற்கிறவர்கள் உட்காருங்கள், உட்கார்ந்தவர்கள் வாயை மூடுங்கள். மலைகளுக்கே யாரும் பேர் வைக்காத காலத்தில், பெருவயிறன் என்ற கரடி ஒரு காட்டை ஆண்டது. ஆண்டது என்றால், தின்றது. தேனைத் தின்றது, இலந்தையைத் தின்றது, இலுப்பைப் பூவைத் தின்றது. மிஞ்சியவை மூன்றே மரங்கள்: நாவல், விளா, அத்தி. அவற்றை நம்பித்தான் மற்ற உயிர்கள் கிடந்தன.

“நீதான் பேச்சுக்காரி. போய் ராஜாவிடம் மிச்சத்தையாவது விடச் சொல்லேன்டி,” என்று கிண்கிணி மைனாவைத் தள்ளிவிட்டது குரங்கு.

எவர் குரலிலும் அச்சு அசலாகப் பேசும் கிண்கிணிக்கு, நேராகப் பேச மட்டும் வராது. கேலியாகக் குத்தினால் ராஜாவுக்கு உறைக்கும், தன் தலையும் தப்பும் என்று நினைத்தாள்.

முதலில் மயிலின் குரலில் அகவினாள். “மகாராஜா, உங்கள் ஆட்சியில் திருட்டே கிடையாது. திருட என்ன இருக்கிறது?”

காடே சிரித்தது. கரடியும் சிரித்தது. அந்தச் சந்தோஷத்தில் நாவல் மரத்தை மொட்டையடித்தது.

அடுத்து நரியைப் போலக் குழைந்தாள். “பிரபு, உங்களைத் தவிர இங்கே கொழுத்தவர் எவருமில்லை. குடிகளுக்கெல்லாம் என்ன ஒயிலான உடம்பு!”

கரடிக்கு உச்சி குளிர்ந்தது. விளாமரம் காலி.

மூன்றாவதாகக் கரடியைப் போலவே உறுமினாள். “என் காட்டில் சண்டையே இல்லை. எழுந்து நிற்கத் தெம்பிருந்தால்தானே!”

இந்தத் தடவை அணிலுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை.

“என் புகழ் என் குரலிலேயே! வா, அத்திமரத்தடியில் விருந்து வைத்துவிடுவோம்,” என்றது கரடி.

 கிண்கிணி பறந்துபோய்க் கரடியின் காலடியில் விழுந்தாள். வாழ்நாளில் முதல்முறையாகத் தன் சொந்தக் குரலில், மெலிந்த அந்தக் குரலில் பேசினாள்.

“ராஜா, பசிக்கிறது. அத்தியை விட்டுவிடுங்கள். அதுவும் போனால் செத்துப்போவோம்.”

கரடி அவளையே பார்த்தது. பிறகு தரையில் விழுந்து உருண்டு உருண்டு சிரித்தது.

“ஐயோ, வயிறு வலிக்குதே. இது யார் குரல்டி? இதுவரை செய்ததிலேயே இதுதான் பிரமாதம். எங்கே, இன்னொரு தரம் சொல்லு.”

சொன்னாள். கரடி சிரித்துக்கொண்டே அத்தியையும் தின்று தீர்த்தது.

மறுநாள் குரங்கு, அணில், மான் எல்லாம் மலை தாண்டிப் போய்விட்டன. கிண்கிணியும் வாயே திறக்காமல் பின்னால் பறந்தாள். மொட்டை மரத்தடியில் கரடி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. திருட்டுச் சத்தமில்லை, சண்டைச் சத்தமில்லை.

“அந்த மைனா சொன்னது வாஸ்தவம்தான். என்ன ஒரு ஆட்சி,” என்றது, பசியில் வயிறு கடமுடவென்று இரைய.

ஆகவே கேளுங்கள்: குத்தலைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறவனிடம் முதல் நாளே நேராகப் பேசிவிட வேண்டும், இல்லாவிட்டால் கடைசியில் நம் அழுகையும் அவனுக்கு வேடிக்கையாகிவிடும்.