அர்த்தனாரி நீந்தக் கற்றது

காவிரிக் கரையில் ஒரு மடம். அங்கே மாரப்பன் என்று ஒரு சீடர் இருந்தார். வயது நாற்பத்து நான்கு. மடத்துக்கு வருவதற்கு முன்னால் பரிசல் ஓட்டியவர்.

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆடி மாதப் புதுவெள்ளத்தில் அவருடைய பரிசல் கவிழ்ந்தது. அதில் ஐந்து பேர் இருந்தார்கள். நான்கு பேரை இழுத்துக் கரை சேர்த்தார். ஐந்தாவது ஆள் ஒரு வளையல் வியாபாரி. அவர் கை மாரப்பன் கைக்குள் வந்தது. பிறகு நழுவிப் போய்விட்டது.

அன்றிலிருந்து மாரப்பன் ஆற்றில் கால் வைக்கவில்லை. மற்றவர்கள் படித்துறைக்குப் போகும் நேரத்தில் இவர் கிணற்றடியில் குளித்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

ஒரு காலையில் குருவிடம் கேட்டார். குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“சாமி, இந்தப் பயம் எப்பங்க போகும்?”

குரு பதில் சொல்வதற்குள் வாசலில் ஒரு பெரியவர் வந்து நின்றார். ஒல்லியான உடம்பு. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார். தோளில் ஒரு துண்டு.

“சாமி, எம்பேரு அர்த்தனாரிங்க. சந்தையில வெல்லம் வித்தவன். வயசு எண்பத்திரண்டு. நீச்சல் கத்துக்கணும். இங்க யாராச்சும் இருக்காங்களா?”

குரு கீரைத் தட்டை நகர்த்தி வைத்தார். “எதுக்குங்க நீச்சல்?”

“சின்ன வயசுல இருந்து இந்த ஆத்தைக் கண்டா பயம். பரிசல்ல கூட ஏற மாட்டேன். அக்கரைச் சந்தைக்குப் போக ஏழு மைல் நடந்து பாலத்தைச் சுத்திப் போவேன். அறுபது வருசம் அப்படியே போச்சு. போதும்னு தோணுச்சுங்க.”

“இத்தனை நாள் இல்லாம இப்ப என்னங்க?”

“இப்பத்தான் நேரம் கெடச்சுது.”

குரு சிரித்தார். பக்கத்தில் நின்ற சீடரைக் காட்டினார். “இவன் பேரு மாரப்பன். இவன் சொல்லித் தருவான்.”

மாரப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது. குரு மறுபடியும் கீரையை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அர்த்தனாரி படித்துறைக்கு வந்துவிட்டார். மிதப்பதற்காக முதுகில் கட்டிக்கொள்ள இரண்டு சுரைக்குடுக்கைகளைக் கொண்டுவந்திருந்தார். மாரப்பன் அவற்றைக் கயிற்றால் கட்டிவிட்டார். கடைசிப் படிக்கு மேல் மூன்றாவது படியில் நின்றுகொண்டார்.

“நீ எறங்கலையா கண்ணு?”

“நான் இங்கிருந்தே சொல்றனுங்க.”

பெரியவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றபோது அவர் கால்கள் நடுங்கியது மேலே இருந்தே தெரிந்தது.

“அடுத்து?”

“குப்புறப் படுத்துக் காலை உதைங்க.”

உடனே படுத்துவிட்டார். தண்ணீர் குடித்தார். இருமிக்கொண்டே எழுந்து மூக்கைத் துடைத்தார்.

“இது சரியா வரல. அடுத்து என்ன?”

நான்கு நாட்கள் இப்படியே போயின. மாரப்பன் படியில் நின்று சொல்வார். பெரியவர் கீழே விழுந்து எழுவார். துணி துவைக்க வந்த பெண்கள் முதல் நாள் சிரித்தார்கள். நான்காம் நாள் அவருக்கு இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பாடம் முடிந்ததும் இருவரும் படியில் உட்கார்ந்து பொரியும் வெல்லமும் தின்பார்கள். பெரியவர் ஊர்க்கதை எல்லாம் சொல்வார். எந்த ஊர்க் கரும்பில் என்ன வெல்லம் வரும், எந்தச் சந்தையில் யாரோடு சண்டை போட்டார் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போவார். மாரப்பன் பல நாட்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். விடியுமுன்பே எழுந்து பெரியவரை எதிர்பார்க்கத் தொடங்கினார்.

ஐந்தாம் நாள், யாரும் கேட்காமலே மாரப்பன் வளையல் வியாபாரியைப் பற்றிச் சொன்னார். கை நழுவியதையும் சொன்னார். மூன்று வருடங்களில் குருவைத் தவிர வேறு யாரிடமும் அவர் சொன்னதில்லை.

பெரியவர் கடைசிவரை கேட்டார். ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

“அவரு எந்த ஊரு?”

“பவானிங்க.”

“வீட்டுல யாரு இருக்காங்க?”

“சம்சாரம் மட்டும். நான் போய்ப் பாக்கலைங்க.”

“நான் கொஞ்சம் நல்லா நீந்தப் பழகுன பிறகு ரெண்டு பேரும் போலாம்.”

பெரியவர் வேறு ஏதோ பேச்சுக்கு மாறிவிட்டார்.

ஆறாம் நாள் ஆற்றில் தண்ணீர் சற்றுக் கூடியிருந்தது. பெரியவர் இடுப்பளவுக்குப் போனார். பிறகு மார்பளவுக்குப் போனார்.

“போதுங்க. அங்கேயே நில்லுங்க.”

“இன்னும் ரெண்டு அடி கண்ணு.”

பாசிக்கல் ஒன்றில் அவர் கால் வழுக்கியது. உடம்பு மிதந்தது. குடுக்கைக் கயிறு அவிழ்ந்து, ஒரு குடுக்கை தனியாக மிதந்து போனது. பெரியவர் தலை ஒருமுறை உள்ளே போய் மேலே வந்தது. அவர் கத்தவில்லை. சொல்லிக்கொடுத்தபடி காலை உதைத்துக்கொண்டிருந்தார்.

மாரப்பன் எப்போது குதித்தார் என்பது அவருக்கே தெரியாது. நான்கே வீச்சில் போய்ப் பெரியவரின் முகவாயைப் பிடித்துத் தண்ணீருக்கு மேலே தூக்கினார். இன்னொரு கையால் அவர் முதுகைத் தாங்கினார்.

“பிடிச்சுட்டனுங்க. பயப்படாதீங்க. கரைக்குப் போயிடலாம்.”

பெரியவர் வாயிலிருந்த தண்ணீரைத் துப்பினார். மூச்சு வாங்கினார்.

“விட்டுறாத. ஆனா கரைக்கு வேண்டாம். கொஞ்ச நேரம் இப்படியே இருக்கலாம்.”

மாரப்பன் அப்படியே தாங்கிக்கொண்டிருந்தார். பெரியவர் வானத்தைப் பார்த்தபடி மிதந்துகொண்டிருந்தார்.

“நல்லா இருக்குது கண்ணு. அறுபது வருசம் சுத்திப் போனேன் பாரு.”

அன்று மத்தியானம் பெரியவரின் மகன் மடத்துக்கு வந்தார். அவருக்கே அறுபது வயதுக்கு மேல் இருக்கும்.

“சாமி, எங்க அப்பனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஊருக்கு யாரு பதில் சொல்றது? நீச்சலை விடச் சொல்லுங்க, நீங்க சொன்னா கேப்பாரு.”

அர்த்தனாரி பின்னாலேயே வந்துவிட்டார்.

“ஊருக்கு நான் வந்து பதில் சொல்லிக்கறேன். நீ போய்க் கடையைப் பாரு.”

மகன் குருவைப் பார்த்தார். குரு மாரப்பனைப் பார்த்தார்.

“என்னப்பா சொல்ற?”

மாரப்பன் மகனிடம் சொன்னார். “நாளையில இருந்து நானும் தண்ணிக்குள்ள இருப்பனுங்க. ஒரு கை தூரத்துக்கு மேல விடமாட்டேன்.”

மகன் கடைக்குத் திரும்பினார். மறுநாள் காலையில் புதுக் கயிறு ஒன்றைக் கொடுத்தனுப்பினார்.

ஐப்பசி பிறப்பதற்குள் அர்த்தனாரி குடுக்கை இல்லாமல் மிதந்தார். பிறகு படித்துறையிலிருந்து எதிரே இருந்த பாறை வரை நீந்தினார். இருபது பாகம், நூறடிக்கு மேல் தூரம் இருக்கும். பாறை மேல் ஏறி உட்கார்ந்து, இக்கரையில் நின்ற எல்லாருக்கும் துண்டை வீசிக் காட்டினார். மாரப்பன் அவர் பக்கத்தில் ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்.

அடுத்த வாரம் இருவரும் பவானிக்குப் போனார்கள். வளையல் வியாபாரியின் மனைவி அவர்களை உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். தன் கணவரைப் பற்றி நெடுநேரம் பேசினார். மாரப்பன் அழுதார். அந்த அம்மாவும் அழுதார். புறப்படும்போது, மறுபடியும் வரச்சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை மாரப்பன் குருவிடம் வந்து உட்கார்ந்தார்.

“பயம் போயிருச்சா?” என்று கேட்டார் குரு.

“இல்லீங்க சாமி. முதல் படியில கால் வைக்கறப்ப இன்னும் நடுங்குது.”

“அப்புறம் எப்படி எறங்கற?”

“அவரு முன்னாடி எறங்கிடறாருங்க. அப்புறம் என்னால படியிலயே நிக்க முடியறதில்ல.”

குரு தலையாட்டினார்.

“சாமி, இப்படி ஆகும்னு தெரிஞ்சுதான் என்னை அனுப்புனீங்களா?”

“தெரியாது. அவரு நீச்சல் கேட்டாரு. இங்க நீச்சல் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான்.”

குருவே மறுபடியும் கேட்டார்.

“நாளைக்கு எத்தனை மணிக்குப் போறீங்க?”

“விடிஞ்சதும் போயிருவோமுங்க.”

“எனக்கும் ஒரு குடுக்கை கட்டு.”