ரெண்டு செவலை, ஒரே ஈத்து

"எனக்கு ஒரு வழி சொல்லும்மா. ரெண்டு நாயும் சேந்து என் தூக்கத்தத் தின்னுக்கிட்டு இருக்கு."

வந்ததும் வராததுமா வெயில்முத்து அண்ணாச்சி இப்படித்தான் ஆரம்பிச்சாரு. சாத்தூர்ல காரச்சேவு கடை வச்சிருக்கவரு. கடை அடுப்பக் கூட அணைச்சிரலாம், அவரு வாயை அணைக்க முடியாது.

வழி கேட்டது காளீஸ்வரிகிட்ட. அவரு மக வயசுதான் இருக்கும். ஆனா சிப்பிப்பாறை நாய்னு வந்துட்டா அவதான் அவருக்குக் குரு. நாய்க் கண்காட்சிக்கு நடுவராப் போறவ. பேச்சுக்கு வரி போட்டிருக்க மாதிரி பேசுவா.

விஷயம் இதுதான். அண்ணாச்சியோட பொட்டை நாய் சிட்டு பருவத்துக்கு வந்திருக்கு. வயசாயிருச்சு, இதான் கடைசி ஈத்துன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கூடப் பொறந்ததெல்லாம் போய்ச் சேந்துருச்சு. இந்த ஈத்துல தப்புப் பண்ணா அந்த வம்சம் அத்தோட சரி.

சேக்குறதுக்குக் கடுவன் நாய் ரெண்டு இருக்கு. ரெண்டும் காளீஸ்வரி வளத்தது. ரெண்டும் செவலை.

ஒண்ணு பிரின்ஸ். போன எடமெல்லாம் கோப்பை. கல்யாண மாப்பிள்ளை போட்டோவுக்கு நிக்கிற மாதிரி நிக்கும். அதோட குட்டின்னா சென்னையில இருந்து கார் போட்டு வர்றாங்க.

இன்னொண்ணு தவுடன். நெஞ்சு எறங்கி, வயிறு ஒட்டி, முதுகு வில்லா வளைஞ்சிருக்கும். அசல்னா இதுதான்யான்னு ஊர்ப் பெருசுங்க சத்தியம் பண்ணும். ஆனா பல்லப் பாக்க நடுவர் வாயத் தொட்டா, வாலச் சுருட்டிக்கிட்டு நாற்காலிக்கு அடியில பூந்துரும். கோப்பைன்னு ஒண்ணு கூட கிடையாது.

அண்ணாச்சி காலையில எந்திரிச்சா பிரின்ஸும்பாரு. மதியச் சாப்பாட்டுல தவுடனுக்கு மாறிருவாரு. சேவு வாங்க வந்தவன்கிட்டயெல்லாம் யோசனை கேட்டாரு. நாய்க்கும் நரிக்கும் வித்தியாசம் தெரியாதவன் கூட அரைக்கிலோ வாங்கிட்டு ஒரு கிலோ யோசனை சொல்லிட்டுப் போனான்.

"கோப்பைய நம்பவா, பெருசுங்கள நம்பவா? அத மட்டும் சொல்லு."

காளீஸ்வரி செருப்ப மாட்டிக்கிட்டு நடந்தா. இவரு பேசிக்கிட்டே பின்னால போனாரு.

அறுப்பு முடிஞ்ச கரிசக்காடு. சாயங்கால வெயில். கண்ணுக்கெட்டுன தூரம் கறுப்பு.

வரப்புல அவரை நிறுத்துனா.

"கண்ணாடியக் கழட்டுங்க."

அதக் கழட்டுனா எதுக்க வர்றது பஸ்ஸா பொண்டாட்டியான்னு தெரியாது, ரெண்டும் ஒரே வேகம்னாரு. அவ கைய நீட்டுனா. குடுத்துட்டாரு. காடு, வானம், தூரத்துல நிக்கிற பனை எல்லாம் பிசைஞ்ச மாவாட்டம் ஒண்ணாப் போச்சு.

அந்தக் கோடியில அவ புருஷன் பைக்கோட நின்னான். பின்னால ஒரு ஆட்டுத்தோலக் கயித்துல கட்டி, நாய் தொரத்துறதுக்காகத் தயாரா வச்சிருந்தான். காளீஸ்வரி துண்ட வீசுனா. பைக் கெளம்புச்சு. பக்கத்துல நாய்களப் புடிச்சிருந்த பையன் பின்னாலயே ஒண்ண அவுத்து விட்டான்.

செவப்பா ஒண்ணு ஓடுச்சு. நல்ல ஓட்டம். அண்ணாச்சி வாய் ஓயல. பைக் புகையப் பத்திக் கூட ரெண்டு வார்த்தை சொன்னாரு.

மறுபடி துண்டு. மறுபடி பைக். இப்ப மத்த நாய்.

அண்ணாச்சி பேச்சு பாதியில நின்னுச்சு.

காலே தெரியல. தலை தெரியல. கறுப்பு மண்ணு மேல செவப்பா ஒரு கோடு, திரியில நெருப்பு ஓடுற மாதிரி ஓடுச்சு. மடங்குச்சு, விரிஞ்சுச்சு. மடங்குச்சு, விரிஞ்சுச்சு. ஒவ்வொரு விரிப்புக்கும் காடு ஒரு முழம் சுருங்குச்சு. சத்தமே இல்ல. அது தாண்டிப் போன பெறகுதான் காத்து வந்து மூஞ்சியில அடிச்சுச்சு. அந்த மண்ணு தனக்குன்னு ஒண்ணப் பெத்து ஓட விட்டுருக்க மாதிரி இருந்துச்சு.

அண்ணாச்சிக்கு முடியெல்லாம் குத்திட்டு நின்னுச்சு. கை எப்பக் கும்பிட்டுச்சுன்னு அவருக்கே தெரியாது.

ரொம்ப நேரம் ரெண்டு பேரும் பேசல. அவருக்கு அது வாழ்க்கையில புதுசு.

"என்ன பாத்தீங்க?"

"மொதல்ல ஒரு நாய் ஓடுச்சு."

"அப்புறம்?"

கும்பிட்ட கைய எறக்காமலே சொன்னாரு.

"அப்புறம் சிப்பிப்பாறை ஓடுச்சும்மா."

அந்தக் கோடியில அவ புருஷன் ரெண்டு நாயையும் புடிச்சுக்கிட்டு நின்னான். இவருக்கு ரெண்டும் செவப்பா ரெண்டு கறை.

காளீஸ்வரி கண்ணாடிய நீட்டுனா. எதுன்னு பாத்துக்கச் சொன்னா.

அண்ணாச்சி காட்டுக்கு முதுகக் காட்டித் திரும்பிக்கிட்டாரு.

"ரெண்டாவது ஓடுனதுகிட்ட சிட்டுவச் சேத்து விடு. அது கோப்பை வாங்குனதா வாங்காததான்னு, குட்டிக கண்ணு முழிக்கிற வரைக்கும் எங்கிட்டச் சொல்லிராத."