நின்ற இடத்திலேயே ஏறிய விலை

கோயம்புத்தூரில் தமயந்தி என்று கேட்டால் சிலருக்குத்தான் தெரியும். டீச்சர் என்று கேட்டால் பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவர் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தியதில்லை. பந்தயக் கார்களின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும் வேலை பார்த்தவர். யாராவது கேள்வி கேட்டால், பதிலுக்கு அவரும் ஒரு கேள்வி கேட்பார். அதனால் அந்தப் பெயர்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்க நினைப்பவர்கள் அவரிடம் வருவார்கள். சிலர் கற்றுக்கொள்வதற்காகத் தொடர்ந்து வந்துகொண்டிருப்பார்கள். அந்தச் சீடர்களில் இதுவரை ஒரு வண்டியும் வாங்காதவர் நல்லசிவம். டீச்சரைவிட வயதில் மூத்தவர். பம்புசெட் வியாபாரத்தை மகளிடம் ஒப்படைத்துவிட்டு வந்தவர்.

பொங்கல் முடிந்த வாரத்தில் ஒரு நாள் காலை, அவர் ஒரு துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஒரு கேள்விங்க."

"கேளுங்க அண்ணா."

"விலை ஏறிக்கிட்டே இருக்கற வண்டியை எப்ப வாங்கறது?"

"எந்த வண்டி?"

"எஸ்டேட்காரர் ராயப்பன் வெச்சிருக்காரே, அந்தச் சிவப்பு வண்டி. ரெண்டே சீட்டு. போன பொங்கலுக்கு இருந்த விலை இந்தப் பொங்கலுக்கு இரட்டிப்பு. மும்பையில அதே மாதிரி ஒண்ணு இதுக்கும் மேல போயிருக்கு. துபாயில அதுக்கும் மேல. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் குடுத்தா நமக்கு. இல்லீன்னா சென்னையில ஒருத்தர் தயாரா இருக்கார்."

"பணம்?"

நல்லசிவம் பையைத் தட்டிக் காட்டினார். "வீட்டுப் பத்திரம். பேங்க்குல பேசியாச்சு."

"வீட்டுல பேசியாச்சா?"

"சுலோச்சனா கையெழுத்துப் போட்டுட்டா."

"ஒண்ணும் சொல்லலீங்களா?"

"சொன்னா. 'குடியிருக்கற வீட்டைத் தூக்கிட்டுப் போய் ஷெட்டுல நிறுத்தி, மேல துணி போட்டு மூடப் போறீங்க. நல்லா மூடுங்க, மழைத்தண்ணி எறங்கீறப் போகுது'ன்னா."

டீச்சர் சிரிக்கவில்லை. "அந்த வண்டிக்குப் பெட்ரோல் மூடி எந்தப் பக்கம் அண்ணா?"

நல்லசிவம் யோசித்தார். "வலது பக்கம்... இல்ல, இடது பக்கமா இருக்கும்."

"துபாய்ல என்ன விலைக்குப் போச்சு?"

அதை அவர் யோசிக்காமலே சொன்னார்.

டீச்சர் தன் சின்னக் காரின் சாவியை எடுத்தார். "வாங்க. மூடியைப் பார்த்துட்டு வரலாம்."

*

ராயப்பனின் வீடு பொள்ளாச்சி ரோட்டில் இருந்தது. அவர் வால்பாறையில் காப்பித் தோட்டம் வைத்திருந்து, விற்றுவிட்டுக் கீழே வந்தவர். ஷெட்டைத் திறந்து, வண்டியின் மேல் கிடந்த துணியை உருவினார். சிவப்பு நிறம் கண்ணைப் பறித்தது.

"ஸ்டார்ட் பண்ணட்டுங்களா?" என்று கேட்டார்.

டீச்சர் எஞ்சினை மூடியிருந்த பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "ஏற்கெனவே பண்ணீருக்கீங்க."

"நீங்க வர்றீங்கன்னு கொஞ்சம் ஓடவிட்டு வெச்சேனுங்க. விருந்தாளி வர்றப்ப வாசல் கூட்டி வெக்கறதில்லீங்களா?"

"வெக்கறதுதான். ஆறட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"ஆறற வரைக்கும்."

சூடான எஞ்சின் எல்லாம் நன்றாகத்தான் ஓடும். குளிர்ந்து கிடப்பதை எழுப்பும்போதுதான் அதன் இருமலும் புகையும் தெரியும். டீச்சர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான். நல்லசிவத்துக்கு இது மனப்பாடம். ஆனால் தனியாக வந்திருந்தால் இன்று அவர் பானட்டைத் தொட்டிருக்க மாட்டார்.

ராயப்பன் நாற்காலி போட்டார். காப்பி வந்தது. எங்கிருந்தோ ஒரு சாம்பல் நிறப் பூனை வந்து, வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, பானட்டின் மேல் ஏறிச் சுருண்டு படுத்தது.

ராயப்பன் பதறி எழுந்தார். "சூ! நகம் பட்டா பெயிண்ட் போச்சு!"

"இருக்கட்டுங்க," என்றார் டீச்சர். "சூட்டுக்குத்தான் படுத்திருக்கு. அது எந்திரிச்சுப் போறப்ப நாம ஸ்டார்ட் பண்ணலாம்."

அப்போது ராயப்பனின் போன் அடித்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. சென்னைக்காரர் ரெண்டு லட்சம் சேர்த்துத் தர்றாராம்."

"நானும் தர்றேன்," என்றார் நல்லசிவம் உடனே.

முறுக்கு வந்தது. மறுபடி போன் அடித்தது. மறுபடி ராயப்பன் வெளியே போய் வந்தார்.

"இன்னும் ரெண்டுங்களாம்."

"சரிங்க," என்றார் நல்லசிவம். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

முறுக்குத் தீர்வதற்குள் இன்னொரு ரெண்டு ஏறிவிட்டது. நல்லசிவம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

"டீச்சர், இப்பவே முடிச்சிரலாம். இந்தப் பூனை எந்திரிக்கறதுக்குள்ள நம்ம கையை விட்டுப் போயிரும்."

"அண்ணா, போய் வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாருங்க. நாம வந்தப்ப இருந்ததைவிட இப்ப என்ன கூடியிருக்குன்னு சொல்லுங்க."

நல்லசிவம் எழுந்து போனார். முன்னால் குனிந்தார். பக்கவாட்டில் நடந்தார். பின்னால் போய் நின்றவர் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார்.

"பெட்ரோல் மூடி எந்தப் பக்கமும் இல்லீங்க டீச்சர். பின்னால, நம்பர் பிளேட்டுக்கு மேல, நட்டநடுவுல இருக்கு."

"அது நாம வந்தப்பவும் அங்கதான் இருந்துது. கூடினது என்ன?"

நல்லசிவம் இன்னொரு சுற்று வந்தார்.

"பூனைங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லீங்க. பூனை மட்டுந்தான்."

"பூனைக்கு ஆறு லட்சம்," என்றார் டீச்சர். "நல்ல பூனைதான்."

நல்லசிவம் திரும்பி வந்து உட்கார்ந்தார். இந்த முறை பையை நாற்காலிக்குக் கீழே வைத்தார்.

*

வெயில் ஷெட்டின் வாசலைத் தாண்டியபோது பூனை எழுந்தது. முதுகை வளைத்துச் சோம்பல் முறித்தது. யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனது.

டீச்சர் பானட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். ராயப்பன் சாவியைத் திருப்பினார்.

முதல் திருப்பிலேயே எஞ்சின் எழுந்தது. இருமல் இல்லை. புகை இல்லை. ஒரே சீரான உறுமல். டீச்சர் தரையில் படுத்து அடிப்பக்கம் முழுவதும் டார்ச் அடித்துப் பார்த்தார். எழுந்து கைகளைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு குறையும் இல்ல. ரொம்ப நல்லா வெச்சிருக்கீங்க சார்."

ராயப்பனின் முகம் மலர்ந்தது. நல்லசிவத்தின் முகம் அதைவிட மலர்ந்தது.

"அப்ப வாங்கிரலாங்களா டீச்சர்?"

"எதுக்கு அண்ணா?"

"எதுக்குன்னா? அடுத்த பொங்கலுக்கு இரட்டிப்பு விலை குடுத்து ஒருத்தர் வாங்கிக்குவாரு."

"யாரு?"

"யாரோ ஒருத்தர்."

"அவரை இன்னைக்கே கூப்பிட்டுருங்க. பாவம், அவருக்குப் பாதி விலையில முடிஞ்சிரும்."

ராயப்பன் வாய்விட்டுச் சிரித்தார். டீச்சர் அவர் பக்கம் திரும்பினார்.

"நீங்க கடைசியா இதை எப்ப சார் ஓட்டினீங்க?"

ராயப்பனின் சிரிப்பு நின்றது. எஞ்சினை அணைத்தார்.

"விலை தெரியறதுக்கு முன்னாடிங்க," என்றார். "ஞாயித்துக்கெழமை ஆனா நானும் எங்க வீட்டம்மாவும் வால்பாறைக்குக் கெளம்பீருவோம். கொண்டை ஊசி வளைவுல இது திரும்பறது இருக்கே, அடடா! ஒரு தடவை மொட்டைப் பாறை பக்கம் நிறுத்துனோம். ஒரு குரங்கு வந்து இந்த சீட்டுல உக்காந்து எங்க எலுமிச்சங்கா சாதத்தைத் தின்னுட்டு, கதவைச் சாத்திட்டுப் போச்சு. அப்ப நாங்க சீட்டைத் தொடைச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டே வந்தோம். அப்புறம் ஒருத்தர் வந்து இது இன்ன விலை போகும்னார். அன்னைக்கு மூடுனதுங்க. கீறல் விழுந்தா எத்தனை லட்சம் போகும்னு பயம். இப்ப வாரம் ஒருக்கா நின்ன இடத்துலயே ஓடவிட்டு அணைக்கறது."



நல்லசிவம் நாற்காலிக்குக் கீழிருந்த பையை எடுத்தார். டீச்சரிடம் கொடுத்தார். "கொஞ்சம் பிடிங்க."

பிறகு ராயப்பனிடம் போனார். "சார், நான் வாங்கலீங்க. உங்க நேரத்தை வீணாக்கிட்டேன், மன்னிச்சிருங்க. ஆனா ஒண்ணு கேக்கலாமா? என்னை ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போவீங்களா?"

ராயப்பன் வண்டியைப் பார்த்தார். வெளியே ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் ஒரு தேங்காய் லாரி புழுதி கிளப்பிக்கொண்டு போனது.

"ஏறுங்க," என்றார்.

ஏறுவது அவ்வளவு சுலபமாக இல்லை. வண்டி இடுப்பு உயரம்தான் இருந்தது. நல்லசிவம் முதலில் தலையை நுழைத்தார், முடியவில்லை. காலை நுழைத்தார், முட்டி மறுத்தது. கடைசியில் அவர் முதுகைக் காட்டி சீட்டில் உட்கார, டீச்சர் அவர் கால்களைத் தூக்கி உள்ளே வைக்க வேண்டியிருந்தது.

"இதை வாங்கியிருந்தா தெனமும் உங்களைக் கூப்பிட்டிருக்கணும் டீச்சர்," என்றார் அவர்.

வண்டி கேட்டைத் தாண்டியது. அந்த உறுமல் நெடுந்தூரம் வரை கேட்டது.

திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. இரண்டு பேருடைய தலையும் கலைந்திருந்தது. நல்லசிவத்தின் கண்களில் காற்று பட்டு நீர் வழிந்து காய்ந்திருந்தது. வண்டி முழுவதும் புழுதி. ராயப்பன் அதைத் துடைக்கத் துணி எடுக்கவில்லை.

நல்லசிவம் அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. இவ்வளவு நாள் இதோட விலையை மட்டுந்தான் பார்த்திருந்தேன். இன்னைக்குத்தான் வண்டியைப் பார்த்தேன்."

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்," என்றார் ராயப்பன். "வாங்கறதுக்கு எத்தனையோ பேர் வந்தாங்க. ஓட்டுங்கன்னு ஒருத்தரும் கேக்கலீங்க."

நாற்காலியில் கிடந்த அவருடைய போன் அடித்தது. அவர் அதை எடுக்கவில்லை. "எங்க வீட்டம்மாவைக் கேட்டுட்டுத்தான் இனி எதுவும்," என்றார்.

*

டீச்சரின் சின்னக் கார் ஊரை நோக்கித் திரும்பியது. நல்லசிவம் மனைவிக்குப் போன் செய்தார்.

"சுலோச்சனா, பத்திரத்தைத் திருப்பி எடுத்துட்டு வர்றேன்."

"வண்டி?"

"போயிட்டு வந்தாச்சு. காத்து மாதிரி போகுது!"



"வர்ற வழியில ஒரு தேங்கா வாங்கிட்டு வாங்க," என்றார் சுலோச்சனா. "புள்ளையாருக்கு ஒடைக்கணும்."

நல்லசிவம் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கார் கிணத்துக்கடவைத் தாண்டியது. பிறகு மெல்லக் கேட்டார்.

"டீச்சர், அடுத்த வருஷம் அந்த வண்டி விலை இன்னும் ஏறுங்களா?"

"ஏறும் அண்ணா."

"அப்ப எனக்கு வருத்தமா இருக்குமா?"

"இருக்கும்."

"அப்ப நான் என்னங்க செய்யறது?"

டீச்சர் கியரை மாற்றினார்.

"உக்காந்து வருத்தப்படுங்க. சொந்த வீட்டுல."