மருந்து அறையின் ரகசிய எண்

மலையடிவாரத்து மருத்துவமனை ஒன்றில் கணினிப் பாதுகாப்பைக் கவனித்துவந்தவர் நாச்சியார். அவரிடம் வேலை பழக வந்தவர் தங்கப்பழம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நாச்சியாரைவிட வயதில் ரொம்பவே மூத்தவர்.

மருந்து அறையைத் திறக்க அட்டையைச் செருகி ரகசிய எண்ணை அழுத்த வேண்டும். மூன்று முறை தப்பினால் அட்டை முடங்கிவிடும்.

"மேடம், இந்தக் கருவி பன்னிரண்டு இலக்கம் வரைக்கும் ஏத்துக்கும். நாம நாலோட நிறுத்திட்டோமே?"

"யோசிப்போம் சார்" என்றார் நாச்சியார்.

தங்கப்பழத்துக்கு அது பதிலாகப் படவில்லை. நாச்சியார் வெளியூர் போயிருந்த வாரத்தில் எல்லா அட்டைகளுக்கும் பன்னிரண்டு இலக்கம் என்று மாற்றிவிட்டார். அன்று நிம்மதியாகத் தூங்கினார்.

இரண்டொரு நாளில் பாம்பு கடித்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மருந்தெடுக்க ஓடினார் நர்ஸ் ஜெபராணி. எண் தப்பியது. மறுபடி தப்பியது. மூன்றாம் முறையும் தப்பியது. அட்டை முடங்கியது. கடைசியில் காவலாளி கதவுக் கண்ணாடியை உடைத்த பிறகுதான் மருந்தை எடுக்க முடிந்தது. ஆள் பிழைத்துக்கொண்டான்.

நாச்சியார் திரும்பி வந்ததும் தங்கப்பழம் அவர் முன்னால் போய் நின்றார்.

"திருடன் உள்ளே வந்துடக் கூடாதுன்னுதான் மேடம் மாத்தினேன்."

"வந்தானா?"

"இல்லை."

"ஜெபராணி?"

"அவங்களாலயும் வர முடியலை."

நாச்சியார் கோபப்படவில்லை. உடைந்த கண்ணாடிக்குப் பதில் புதிதாக மாட்டியிருந்ததை ஒரு தரம் பார்த்தார்.

"அப்போ சரியான நீளம்தான் எது மேடம்? ஆறா, எட்டா?"

"உங்க அட்டையோட எண் ஞாபகம் இருக்கா?"

"நல்லா இருக்கு. நானே வெச்சதுதானே."

"மொட்டை மாடி வரைக்கும் ஓடிட்டு வாங்க. வந்ததும் கதவைத் திறங்க."

அவர் விளையாடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. தங்கப்பழம் ஓடினார். இறங்கி வரும்போது மூச்சு இரைத்தது. கண்ணில் வியர்வை வழிந்தது. அட்டையைச் செருகி எண்களை அழுத்தத் தொடங்கினார். முதல் சில எண்கள் தடையில்லாமல் வந்தன. பிறகு விரல் அந்தரத்தில் நின்றது. அடுத்தது மூன்றா, எட்டா?

கருவி சற்றுநேரம் பொறுத்துவிட்டு அணைந்தது.

சுவரைப் பிடித்தபடி தங்கப்பழம் கேட்டார்: "நீங்களே சொல்லிடுங்க மேடம். எத்தனை இலக்கம் வைக்கட்டும்?"

"இப்ப உங்களுக்கு எத்தனை வந்துச்சு சார்?"